வெறும் மணல்தானா நம்ம ஊர்?

கண்ணா,

நேற்று போனில் பேசிக்கொண்டே பக்கத்தில் இருந்த உன் நண்பனிடம் "எங்க ஊர்ல ஒண்ணுமே இல்லடா, வெறும் மணல்" என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. ராத்திரி தூக்கமே வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மணல்தான், சரி. அமெரிக்காவின் இந்த நெப்ராஸ்கா மாநிலத்திலேயே பெரிய கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நம்ம செர்ரி, கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரிது, ஆனால் 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 5,455 பேர். கவுண்டிக்குள்ளேயே மேற்கே போனால் நேர மண்டலம் மாறிவிடும், கடிகாரத்தையே ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். குன்று குன்றாகத் தெரிவதெல்லாம் காற்று குவித்த மணல்மேடு, அதைப் பறக்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது மேலே இருக்கும் புல். பெய்கிற மழை ஓடிப்போகாமல் அப்படியே உள்ளே இறங்கிவிடுகிறது, பள்ளமான இடங்களில் அந்த நிலத்தடி நீர்தான் ஏரியாக வெளியே தெரிகிறது. நயோப்ராரா ஆற்றுக்கும் ஊற்றுத் தண்ணீர்தான்.

புல் போன இடத்தைக் காற்று குடைந்து குழியாக்கிவிடும், ப்ளோஅவுட் என்பார்களே. உனக்கு எட்டு வயதில் ஒரு பண்ணையில் அப்படிப்பட்ட குழிக்குள் பழைய டயர்கள் கிடந்ததைப் பார்த்து "ஏம்மா இங்க குப்பை கொட்டியிருக்காங்க" என்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? மணல் மேலும் பறக்காமல் இருக்கப் போட்டது அது. அந்தக் குழி ஓரத்திலேயே வெளிர் ஊதாவில் ஒரு பூ, நீ மண்டி போட்டு மோந்து பார்த்தாய், மூக்கெல்லாம் மணல். ப்ளோஅவுட் பென்ஸ்டிமன். வெறும் மணல் இருந்தால்தான் அந்தச் செடி வளரும், புல் மூடினால் போய்விடும். குழிகள் குறையக் குறைய அதுவும் அருகிப்போய், 1987இல் அழியும் நிலையில் உள்ள செடி என்று அரசு பட்டியலில் சேர்த்தது.

லக்கோட்டா, பானி பழங்குடி மக்கள் காட்டெருமை வேட்டையாடிய பூமி இது. 1880இல் ராணுவம் நயோப்ராரா கோட்டையைக் கட்டியது, 1883இல் கவுண்டி வந்தது, ரயிலும் வந்தது. அப்புறம் 1904இல் கின்கெய்ட் சட்டம், குடியேற வருபவர்களுக்கு ஆளுக்கு 640 ஏக்கர் வரை அரசு நிலம். ஆசை ஆசையாக வந்து உழுதார்கள், உழுத இடத்தில் மணல் கிளம்பியது, நிறையப் பேர் மாட்டுப் பண்ணைக்காரர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

போன ஞாயிறு நானும் அப்பாவும் 83ஆம் நெடுஞ்சாலையில் டிவிட்டி என்ற பழைய ஊரின் நினைவுப் பலகைக்கு முன்னால் இறங்கி நின்றோம். 1907இல் கறுப்பினக் குடும்பங்கள் வடக்கு லூப் ஆற்றோரம் வந்து, புல்லும் வேருமாக மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டி வாழ்ந்த ஊர். பள்ளிக்கூடம், சர்ச், தபால் நிலையம் எல்லாம் இருந்திருக்கிறது. இன்று சுற்றிலும் புல்தான். அப்பாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, இந்தப் பக்கம் யாரையுமே தெரியாமல் பெட்டியோடு வந்து இறங்கிய நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த டிவிட்டி மக்கள் எதை நம்பி வந்தார்களோ, பாவம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பரீட்சை முடிந்ததும் மே கடைசியில் வா, பென்ஸ்டிமன் பூத்திருக்கும். உன் அந்த நண்பனையும் கூட்டிக்கொண்டு வா.

அம்மா