மருமகனின் கணக்கு: மகனுக்கு ஒரு கடிதம்

சுங்கை சிப்புட், பேராக்.

அன்புள்ள மகனுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் பட்டறையில் தொழில் பழகும் உன் அக்காள் மகனுக்கு அடுத்த ஆண்டு 18 வயது நிறைகிறது. அவன் தாய் விட்டுப்போன சேமநிதிப் பணத்துக்கும், மாதந்தோறும் அவன் பெயரில் வரும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணத்துக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறாயா என்று தொலைபேசியில் கேட்டபோது, "தாய்மாமன் நான், சொந்தத்துக்குள் என்ன கணக்கு?" என்று சற்றுக் கோபமாகவே சொன்னாய். உன் நாணயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும், தோட்டத்து ஆபீசில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்து செக்ரோல் என்ற ஆள்பதிவு, சம்பளப் புத்தகத்தை எழுதியே காலத்தைக் கழித்தவன் என்பதால், பழைய கிரேக்க நாட்டு வழக்கு ஒன்றை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிற்காலத்தில் பெரும் பேச்சாளராகப் பெயர் பெற்ற டெமொஸ்தனிஸ், ஏதென்ஸ் நகரில் ஏழு வயதில் தகப்பனை இழந்தவர். தகப்பனுக்கு இரண்டு பட்டறைகள் இருந்தன. ஒன்றில் 30-க்கும் மேற்பட்ட அடிமைகள் வாளும் கத்தியும் செய்தார்கள்; மற்றொன்றில் 20 பேர் கட்டில் செய்தார்கள். (அடிமைகளின் உழைப்பில் சேர்ந்த சொத்து அது என்பதை, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த நாம் கவனிக்காமல் போக முடியாது.) செலவு போக முதல் பட்டறை ஆண்டுக்கு 30 மினாவும் இரண்டாவது 12 மினாவும் கொடுத்தன. மினா என்பது அந்தக் காலத்துப் பண அளவு; 60 மினா சேர்ந்தால் ஒரு தாலந்து. வீடு, தந்தம், இரும்பு, வட்டிக்கு விட்ட பணம் எல்லாம் சேர்த்து மொத்தச் சொத்து ஏறக்குறைய 14 தாலந்து.

மகன் வளரும்வரை அதைக் காக்கும்படி, தகப்பன் தம் சகோதரி மகன் அஃபோபஸ், சகோதரன் மகன் டெமோஃபோன், பால்ய நண்பர் தெரிப்பிடிஸ் ஆகிய மூவரையும் நியமித்தார். அவர்கள் ஆசைப்பட்டுக் கைவைத்துவிடக் கூடாது என்று உயிலிலேயே ஆளுக்கு ஒரு தொகையும் எழுதினார். அஃபோபஸ் அந்த விதவையை மணந்துகொண்டு, 80 மினா சீதனத்தோடு அதே வீட்டில் குடியிருக்கலாம் என்பது ஏற்பாடு. அவன் வீட்டில் புகுந்தான், நகைகளையும் வெள்ளிக் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டான், சீதனத்தையும் பிடித்துக்கொண்டான். ஆனால் அந்த அம்மாளை மணக்கவும் இல்லை, அவளுக்குச் சோறு போடவும் இல்லை. பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களுக்கு உரிய கூலியைக்கூடக் கொடுக்காமல் ஏமாற்றினான். மற்றவற்றைப் பேராசை என்று ஒதுக்கிவிடலாம். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கணக்கு எழுதியவன் என்ற முறையில் என்னை நிறுத்திய இடம் வேறு. கத்திப் பட்டறை தன் பொறுப்பில் இருந்த இரண்டு ஆண்டுகளுக்கு அஃபோபஸ் ஒரு காசும் வரவு காட்டவில்லை. கேட்டால், பட்டறை சும்மா கிடந்தது என்றான். அதே ஆள், வேலைக்கு வாங்கிய தந்தத்துக்கும் வாளின் கைப்பிடிகளுக்கும் பையன் பேரில் செலவு எழுதியிருந்தான். சும்மா கிடந்த பட்டறைக்குக் கைப்பிடி எதற்கு? செக்ரோலில் இப்படி ஒரு வரி வந்திருந்தால் எங்கள் துரை அன்றைக்கே புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பார்.

பையனுக்கு வயது வந்ததும் மூவரும் ஒப்படைத்தவை வீடு, 14 அடிமைகள், 30 மினா ரொக்கம். எல்லாமாகச் சேர்த்து 70 மினா மதிப்பு. உயிலைக் கண்ணில் காட்டவே இல்லை. அதே ஊரில் அந்திடோரஸ் என்ற மற்றோர் அநாதைச் சிறுவனின் மூன்றரைத் தாலந்துச் சொத்து, ஒழுங்காகக் குத்தகைக்கு விடப்பட்டதால் ஆறே ஆண்டில் ஆறு தாலந்துக்கு மேல் வளர்ந்தது என்பதையும் டெமொஸ்தனிஸ் வழக்கில் எடுத்துக் காட்டினார்.

கி.மு. 364-ஐ ஒட்டி, ஏறத்தாழ 20 வயதில், அவர் தாமே எழுந்து நின்று வாதாடினார். வாரிசு வழக்குகளில் கைதேர்ந்த இசையஸ் என்பவரிடம் அவர் பாடம் கேட்டதாகச் சொல்வார்கள். அஃபோபஸ் 10 தாலந்து கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. ஆனால் அதற்காக அஃபோபஸின் நிலத்தைக் கைப்பற்றப் போனபோது, அவன் மைத்துனன் ஓனெட்டோர் குறுக்கே வந்து, அது தன் தங்கையின் சீதனத்துக்கு ஈடானது என்று தடுத்தான். வென்றவர் கைக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். நமக்குக் கிடைத்திருப்பவை டெமொஸ்தனிஸின் உரைகள் மட்டுமே. அஃபோபஸ் தரப்பு வாதம் நம் கையில் இல்லை. கணக்கும் சாட்சியும் சரியாக இல்லாவிட்டால், யோக்கியமான காப்பாளன்கூட நாளை ஒருவன் விரல் நீட்டும்போது வாய்திறக்க வழியில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

ஆகையால் சொல்வதைக் கேள். அவன் தாயின் பணம் வந்த தேதி, தொகை, அதிலிருந்து எதற்கு எடுத்தாய் என்பதை ஒரு புத்தகத்தில் எழுது. ரசீது இருந்தால் ஒட்டி வை. பட்டறையில் அவன் செய்யும் வேலைக்குரிய கூலியைத் தனியாக எழுது. சாப்பாட்டுக்குச் சரியாகிவிட்டது என்று தள்ளிவிடாதே. தாய்மாமன் வீட்டில் உண்ணும் சோற்றுக்கு விலை போடும் வழக்கம் நம் குடும்பத்தில் இல்லை. மாதக் கடைசியில் அவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்; தொழிலோடு அதையும் பழகிக்கொள்ளட்டும். விட்டுப்போன மாதங்களை வங்கிப் புத்தகத்தைப் பார்த்து நிரப்பிவிடலாம். தீபாவளிக்கு இருவரும் வரும்போது எடுத்து வாருங்கள், நானும் கூட உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா