ஊமையான இரண்டு தந்திகள்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உன்னையும் பிள்ளைகளையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். வீட்டுப் புதினங்களை இத்துடன் நிறுத்துகிறேன், ஏனென்றால் இதைவிடப் பெரிய புதினம் ஒன்று இருக்கிறது: பெரியண்ணையின் பேஸ் கிற்றார் அகப்பட்டுவிட்டது.

1995 இடப்பெயர்வில் அது தொலைந்துவிட்டது என்றுதானே நாம் எல்லோரும் நம்பியிருந்தோம். தென்மராட்சியில் அவருடைய மைத்துனர் வீட்டுப் பரணில், பழைய சீலையால் சுற்றியபடி, இத்தனை காலமும் கிடந்திருக்கிறது. வீட்டைத் திருத்தும்போது கண்டெடுத்து, பெரியண்ணையின் மகளிடம் கொடுத்திருக்கிறார்கள். அவள் நேரே என்னிடம் தூக்கி வந்தாள். வார்னிஷ் எங்கும் வெடித்திருக்கிறது, கழுத்து மட்டும் வளையாமல் நிற்கிறது. முன்தகட்டைக் கழற்றி ஒலியளவுத் திருகியின் முதுகைத் துடைத்துப் பார்த்தேன். 1376632 என்று பொறித்திருந்தது. 137 என்பது அதைச் செய்த சி.ரி.எஸ். நிறுவனத்தின் குறி, 66 ஆண்டு, 32 கிழமை. கிற்றாரைச் செய்த ஃபெண்டர் நிறுவனம் அந்த ஆண்டு இத்திருகிகளைப் பெருந்தொகையாக வாங்கிப் பின்னரும் பல காலம் பொருத்தி வந்ததால், கிற்றார் 1966க்குப் பிந்தியதாகவும் இருக்கலாம். திருகி இடையில் மாற்றப்படாதவரை முந்தியதாக இருக்க முடியாது. ஆகவே அது 1962 என்று தேநீர்க்கடையில் நீ அடித்துப் பேசி வென்ற பந்தயக் காசை இனித் திருப்பித் தரவேண்டும்.

ஆனால் அம்பிளிஃபயரில் கொளுவினால் சத்தமில்லை. தந்திகளின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்பின் இரு பாதிகளையும் மல்ரிமீற்றரால் தனித்தனியாக அளந்தேன். தடித்த ஈ, ஏ தந்திகளின் பாதி 5.3 கிலோ ஓம் காட்டியது. மெல்லிய டீ, ஜீ தந்திகளின் பாதியில் முள் அசையவே இல்லை. இரண்டும் தொடராக இணைந்தவை என்பதால் ஒன்று அறுந்தால் முழுவதும் ஊமை. செத்த பாதியைத் தாண்டி ஒரு துண்டுக் கம்பியை ஈயம் வைத்து ஒட்டியதும் ஈ தந்தி பேசியது மச்சான். கோயில் வீதியில் மேடைக்குப் பின்னால் நின்று நாம் நெஞ்சுக்கூட்டில் வாங்கிய அதே சத்தம். கூடவே இரைச்சலும் வந்தது. அதை அடக்க வேண்டிய துணைப்பாதிதான் உயிரில்லாமல் கிடக்கிறதே.

இந்தப் பிக்கப்பை நான் இப்போதுதான் முழுதாக விளங்கிக்கொண்டிருக்கிறேன். 1990களில் மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து நீ பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்டோமே. அங்கே காந்தம் சுழன்றது, சுருள் நின்றது. இங்கே காந்தமும் சுருளும் அசையாமல் நிற்க, காந்தமேறிய உருக்குத் தந்தி அவற்றின் மேலே அதிர்ந்து மின்னைப் பிறப்பிக்கிறது. லியோ ஃபெண்டர் 1951இல் இந்த வகைக் கிற்றாரை, அதாவது பிரிசிஷன் பேஸை, வெளியிட்டபோது அதில் ஒரேயொரு சுருள்தான் இருந்தது, தந்திக்கு ஒரு காந்தம் நேர் கீழே. அப்படியான சுருள் தந்தியோடு சேர்த்துச் சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். 1957இல் அதை இரண்டாகப் பிரித்து, ஈ, ஏ பாதியைக் கழுத்துப் பக்கமும், டீ, ஜீ பாதியைத் தந்திகள் உடலில் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் பக்கமும் தள்ளி வைத்தார்கள். இரு பாதிகளுக்கும் காந்த முனைவும் எதிர், சுற்றும் எதிர். வெளி இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக எழுந்து அழிந்துபோகிறது. ஒவ்வொரு தந்தியையும் ஒரு பாதி மட்டுமே கேட்பதால் தந்தியின் குரலில் எதுவும் அழிவதில்லை. வழக்கமான இரட்டைச் சுருள் பிக்கப் ஒரே தந்தியை இரண்டு இடங்களில் கேட்டுக் கூட்டுவதால் அடித்தொனியோடு கூடவே எழும் மேற்றொனிகள் சில அடிபட்டுப் போகும். இங்கே அந்த நட்டமே இல்லை. மேலும், தந்திக்கு நேர் கீழே ஒரு காந்தம் நிற்பதற்குப் பதிலாக இருபுறமும் ஒவ்வொன்று நிற்பதால், விரல் பட்ட முதல் அடியின் முரட்டுத்தனம் தணிந்து சத்தம் உருண்டு வருகிறது. இவ்வளவு எளிமையான ஒன்றை இவ்வளவு தெளிவாக யோசித்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இப்போது என் கவலையைச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு கடைக்காரர் பழைய பிக்கப்பை முழுதாகக் கழற்றித் தன்னிடம் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பூட்டும்படி பெரியண்ணையின் மகளுக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பொறுக்கவில்லை. செத்தது ஒரு பாதி மட்டும். காந்தக் கோல்கள் அல்நிக்கோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ற்று சேர்ந்த இரும்புக் கலவை. கம்பியை அவற்றின் மேலேயே சுற்றியிருக்கிறார்கள். எங்கள் உப்புக்காற்றில் கோல்கள் கறள் பிடித்து, அந்தக் கறள் கம்பியின் பூச்சைத் தின்று அறுத்திருக்கிறது. கறளைச் சுரண்டி, அரக்குப் பூசி, மறுபடி சுற்றினால் பிழைத்துவிடும். ஏறத்தாழ 10,000 சுற்றுகள் வேண்டும். உயிரோடுள்ள பாதிக்கு ஒத்து வராவிட்டால் இரைச்சல் முழுதாக அழியாது, டீ, ஜீ தந்திகளின் சத்தமும் ஏறி இறங்கும். நீர்ப்பம்பி மோட்டார் சுற்றும் கடைகளில் இருப்பது எல்லாம் தடித்த கம்பி. இதற்கு வேண்டியது தலைமுடி அளவில், 0.06 மில்லிமீற்றர்.

பிள்ளை பழைய தந்திகளையும் மாற்றக் கேட்டாள். அவை தட்டை நாடாக் கம்பி சுற்றிய தட்டைச் சுற்றுத் தந்திகள், அப்படியே இருக்கட்டும் என்றேன். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் 1962 பிரிசிஷனில் இதே வகைத் தந்திகளைத்தான் மாற்றாமல் ஆண்டுக்கணக்காகப் பாவித்தார், அதுவும் ஒற்றைச் சுட்டுவிரலால். அதைக் கேட்டதும் அவள் அடங்கிவிட்டாள். அவளுடைய பிடியில் தகப்பனின் சாயல் அப்படியே இருக்கிறது. இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனி மெட்டாக நடக்கும் இடங்களை எங்கே விரலை இழுத்து நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துகிறாள். பெரியண்ணை அதைக் கேட்காமல் போனது எனக்குத் தாங்கவில்லை மச்சான்.

எனவே நீ ஆவணியில் வரும்போது அந்த 0.06 மில்லிமீற்றர் தடிப்புள்ள 42 கேஜ் செப்புக்கம்பி, சாதாரண எனாமல் பூச்சு உள்ளது, சிறிய உருளை ஒன்று வாங்கி வா. தபாலில் போடாதே, கையோடு கொண்டு வா. பந்தயக் காசுக்கு அதையே கழித்துக்கொள்ளலாம். டிரம்ஸ்காரனுக்கும் செய்தியைச் சொல்லி, அவன் எப்போது வருகிறான் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்