ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வா

அன்புள்ள மகளுக்கு,

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் நீ படிக்கப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. ஓல்டு கோர்ஸ் என்ற பழைய கோல்ஃப் மைதானம் நடந்து போகிற தூரத்தில் இருந்தும் இன்னும் அங்கே கால் வைக்கவில்லை என்றாய். "பணக்காரர்கள் கோல்ஃப் ஆடுகிற இடத்தில் நமக்கென்ன வேலை, அப்பா?" என்று நீ கேட்டது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த இடம் மந்தைவெளியாக இருந்ததம்மா. கடலுக்கும் வயலுக்கும் நடுவே, ஏர் பூட்ட உதவாமல் கிடந்த மணல்வெளி. அப்படிப்பட்ட நிலத்தைத்தான் அங்கே லிங்க்ஸ் என்கிறார்கள். ஸ்வில்கன் ஓடைமேல் இருக்கும் சின்னக் கல்பாலத்தில் பெரிய பெரிய சாம்பியன்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேய்ப்பர்கள் மந்தையை ஓட்டிப் போவதற்காகக் கட்டிய பாலம் அது. 1552-ல் பேராயர் ஜான் ஹாமில்டன், அங்கே தாம் முயல் வளர்த்துக்கொள்ளலாம், ஊர்மக்கள் கோல்ஃப் ஆடலாம், ஆடுமாடு மேய்க்கலாம் என்று சாசனமே எழுதிக் கொடுத்தார். பிறகு கடனில் மூழ்கிய நகரசபை 1797-ல் நிலத்தைக் கைவிட, அது முயல் வியாபாரிகளிடம் போயிற்று. ஆண்டுக்கணக்கில் வழக்கும் சண்டையும் நடந்தன. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அதை வாங்கி ஆட்டத்துக்காகக் காப்பாற்றினார். இன்று அது பொது நிலம்தான். பெரிய போட்டி நடக்கும் நாட்களைத் தவிர ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமே கிடையாது. ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடும் நாய்களோடும் அந்தப் புல்லில் நடக்கிறார்கள். நீயும் இப்போது அந்த ஊர்க்காரிதானே.

அங்கே புல்தரையைப் பல ஆண்டு பராமரித்தவர் டாம் மாரிஸ். ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை நான்கு முறை வென்றவர். அவர் மகன் டாமியும் நான்கு முறை வென்றான், அதுவும் தொடர்ச்சியாக. 1875 செப்டம்பரில் அப்பாவும் மகனும் ஜோடியாக நார்த் பெர்விக் என்ற ஊரில் ஆடிக்கொண்டிருந்தபோது, டாமியின் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று தந்தி வந்தது. படகில் கழிமுகத்தைக் கடந்து ஓடினார்கள். வீடு சேர்வதற்குள் தாயும் சேயும் போய்விட்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று டாமியும் இறந்தான். அவனுக்கு வயது 24.

மகனைப் புதைத்த பிறகு கிழவர் 32 ஆண்டுக்கு மேல் அதே ஊரில், அதே புல்தரைக்குப் பக்கத்தில் வாழ்ந்தார். தினமும் மகன் ஆடிய இடத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி இருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. உன் அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிற அளவுக்குத்தான் எனக்குத் தெம்பு இருக்கிறது.

பழைய கதீட்ரல் வளாகத்தில்தான் அவர்கள் கல்லறை இருக்கிறது. கோல்ஃப் ஆடும் தோரணையில் டாமியின் உருவத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மைதானத்தில் நடந்துவிட்டு அங்கேயும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா.

இந்த ஞாயிறு அந்தப் பாலத்தில் நின்று ஃபோன் செய். அங்கே காற்று எப்படி அடிக்கிறது என்று அம்மாவுக்குக் கேட்க வேண்டுமாம். குல்லாய் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா