நம் பழைய எழுத்துரு மாற்றி குறித்து ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்பதும், மூட்டுவலி குறைந்து நீங்கள் மீண்டும் காலையில் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதும் மிகுந்த மகிழ்ச்சி தந்தன. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தவற்றை இன்றைய பொதுக் குறியீடான ஒருங்குறிக்கு (யுனிகோடு) மாற்றித் தரும் நம் மாற்றி நிரல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, ஆறு மாதங்களாக என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போகின்றன.

2005-இல் நாம் அதை பைத்தான் 2 என்ற நிரல்மொழியில் எழுதினோம். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு முடிந்தது. 2023-இல் வெளிவந்த டெபியன் 12 இயங்குதளத்தில் பைத்தான் 2 இடம்பெறவே இல்லை. திரையில் நம் சாளரங்களை வரைய நம்பியிருந்த ஜிடிகே 2 என்ற கருவித்தொகுப்பும் 2020 இறுதியில் கைவிடப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், மறைந்த தம் தந்தை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த கவிதைகளை ஒருங்குறிக்கு மாற்ற முடியவில்லை என்று எழுதியபோதுதான் இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு தவறு செய்தேன். பழைய நிரலைப் பார்க்கவே அலுப்பாக இருந்ததால், எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடலாம் என்று இறங்கினேன். இரண்டு வாரங்களில் அழகான நிரல் ஒன்று தயாரானது. அதில் ‘மௌனம்’ என்ற சொல்லைக் கொடுத்துப் பார்த்தேன். ‘மெளனம்’ என்று ளகரத்தோடு வந்து நின்றது. பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருப்பவை: முதலில் கொம்பு, பிறகு மகரம், பிறகு ளகரம். அந்த ளகரம் எழுத்தா, ஔகாரத்தின் பாதியா என்பதை அடுத்து வரும் குறியைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ‘வெள்ளம்’ என்பதில் புள்ளியும் ‘தெளிவு’ என்பதில் இகரக் குறியும் அதைத் தொடர்வதால், அங்கே அது ளகரமேதான். எந்த விளக்கமும் இல்லாமல் நீங்கள் எழுதியிருந்த நான்கு வரிகள் இதைத்தான் செய்துகொண்டிருந்தன என்பது அன்றிரவுதான் எனக்குப் புரிந்தது. புது நிரலை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அதன்பின் வழியை மாற்றிக்கொண்டேன். என் பழைய மடிக்கணினியில் மட்டும் இன்னும் ஓடும் நம் நிரலுக்கு, கையில் இருந்த கோப்புகளையெல்லாம் கொடுத்து, அது தந்த விடைகளைச் சேமித்து வைத்தேன். இப்போது ஒரு வரியை மாற்றினாலும் அந்த விடைகளோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த வரிக்குப் போகிறேன். பைத்தான் 3-க்கு நகர்ந்ததும் வெளியீடு வெறுமையாக வந்தது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. பைத்தான் 2-இல் கோப்பின் ஒவ்வொரு பைட்டும் எழுத்தாகக் கைக்கு வந்தது, பைத்தான் 3-இல் எண்ணாக வருகிறது. ஆகவே எந்தப் பாமினிக் குறிக்கு எந்த ஒருங்குறி எழுத்து என்று காட்டும் நம் அட்டவணையில் எதுவும் பொருந்தாமல், எல்லாம் ஓசையின்றி விடுபட்டுப் போயிருந்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று ஞாயிறுகள் ஆயின.

சாளர இடைமுகத்தை நீக்கிவிட்டேன். உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனால் ஒருவன் தாங்கக்கூடிய சுமை அவ்வளவுதான். ஜிடிகே என்பதே கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளுக்காகப் பிறந்தது. அந்த கிம்ப்பே 2011-இல் வந்த ஜிடிகே 3-க்கு முழுமையாக மாறி 3.0 பதிப்பை வெளியிட 2025 மார்ச் வரை ஆனது. அவர்களுக்கே அத்தனை ஆண்டுகள் பிடித்தன என்று எண்ணும்போது என் தாமதம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. உதவி வேண்டும் என்று பொதுவாக எழுதியபோது எவரும் வரவில்லை. ஔகாரம் வரும் பத்துச் சொற்களுக்குச் சோதனை எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் ஒரு கல்லூரி மாணவி முன்வந்தார். இப்போது வாரந்தோறும் ஏதாவது அனுப்புகிறார்.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை ஸகரத்தைக் கொண்டு எழுதியிருக்கிறீர்கள். 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் அதை எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடும்போது ஒன்று மற்றொன்றுக்கு அகப்படாது. அன்று தெரிந்தே ஸகரத்தைத் தேர்ந்தீர்களா, அல்லது ஶகரம் அப்போது எழுத்துருக்களில் இல்லையா? நினைவிருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். இம்முறை காரணத்தையும் நிரலிலேயே குறித்து வைக்கிறேன். அச்சகத்திலிருந்து நீங்கள் வாங்கி வைத்திருந்த பாமினிக் கோப்புகளின் குறுந்தகடுகள் பரணில் இருந்தால் அவற்றையும் அனுப்பி வையுங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்