பாடகர் மீது பழி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2017 ஜூலையில் ஒளிபரப்பான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் 7ஆம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில் பாடகர் எட் ஷீரன் கதையில் வரும் லானிஸ்டர் குடும்பத்தின் படைவீரராகச் சில நிமிடங்கள் தோன்றியதற்கு எழுந்த ஏளனம் நியாயமற்றது. தொடரில் ஆர்யா என்ற இளம்பெண்ணாக நடித்த மெய்சி வில்லியம்ஸ் ஷீரனின் ரசிகை என்பதால், அவரை மகிழ்விக்கவே இந்த ஏற்பாடு என்று தயாரிப்பாளர்களே கூறியிருந்தனர். ஷீரன் பாடிய பாடலும் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் மூல நாவலிலிருந்து வந்ததே. விளம்பரத்துக்காகத் திணிக்கப்பட்டது அன்று. பழிவாங்கப் புறப்பட்ட ஆர்யா, பகைவரான லானிஸ்டர்களின் படையிலும் வீட்டை நினைத்து ஏங்கும் எளிய இளைஞர்கள் இருப்பதைக் காணும் அந்தக் காட்சி, தொடரின் மிக மென்மையான காட்சிகளுள் ஒன்று என்பது என் உறுதியான கருத்து. தெரிந்த முகத்தின் மீது கேமரா சற்று அதிக நேரம் நின்றது குறைதான். அதற்குப் பாடகர் பொறுப்பல்லர்.

– வாசகர், திருநெல்வேலி