கிறுக்கல் பக்கங்களையும் சேர்த்தே வெளியிடுங்கள்: ஒரு திறந்த மடல்

பெரிய ஓவியர்களின் ஸ்கெட்ச் நோட்டுகளைப் பாதுகாத்துவரும் குடும்பத்தாருக்கும் அருங்காட்சியகங்களுக்கும், அவற்றைப் புத்தகமாக்கும் பதிப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் கதைகளுக்குப் படம் வரைகிறவன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஓர் ஓவியரின் இளவயது நோட்டுகளை வெளியிடும்போது நல்ல பக்கங்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, இருந்த வரிசையிலேயே, இருந்த அளவிலேயே போடுங்கள்.

முடிந்த ஓவியத்தைப் பார்த்து வியக்கலாம், கற்றுக்கொள்வது கடினம். எங்கே தொடங்கினார், எந்தக் கோட்டில் நம்பிக்கையில்லாமல் பக்கத்திலேயே இன்னொன்று போட்டார் என்பதெல்லாம் வண்ணத்துக்கு அடியில் போய்விடுகிறது. பிற்கால நோட்டுகளும் ஓரளவுக்குத்தான் உதவும். அதற்குள் கை தேறியிருக்கும். ஒரே குதிரைக் காலை ஐந்து தடவை வரைந்து, ஐந்தும் சரியாக வராமல் பக்கத்தைத் திருப்பியிருப்பதை இளவயது நோட்டில்தான் பார்க்க முடியும். சித்திரமும் கைப்பழக்கம் என்கிறோம். அந்தப் பழக்கம் நடந்த இடம் அந்த நோட்டுதானே?

வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில், ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1484-இல் தன்னையே வரைந்த படம் இருக்கிறது. நோட்டு அல்ல, ஒற்றைத் தாள். அப்போது அவருக்கு 13 வயது. வெள்ளிமுனையால், அதாவது கூரான வெள்ளிக் கம்பியால் வரைந்தது, பென்சில் கோட்டைப் போல அழித்துத் திருத்த முடியாது. ஒரு கை விரல் நீட்டிச் சுட்டுகிறது, மற்றது சட்டைக் கைக்குள் மறைந்திருக்கிறது. வரைந்துகொண்டிருக்கும் கையையே கண்ணாடியில் பார்த்து வரைவது என்ன பாடு என்று முயன்றவர்களுக்குத் தெரியும். விரல்கள் பிடிபடாமல் நான் திணறிய நாட்களில் அந்தச் சட்டைக் கைதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. டியூரர் அந்தத் தாளைத் தூக்கி எறியவில்லை. சிறுவனாக இருந்தபோது கண்ணாடி பார்த்து வரைந்தது என்று பிற்காலத்தில் அதன் மேலேயே எழுதி வைத்தார்.

குழந்தைகளுக்குக் கதை எழுதிப் படமும் வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டரின் 1875-ஆம் ஆண்டு நோட்டு லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. எட்டு வயதுக் குழந்தை கம்பளிப்பூச்சிகளை வரைந்து, அவற்றைப் பற்றிய குறிப்பும் எழுதியிருக்கிறாள். அவருடைய பீட்டர் முயல் கதை கடைக்கு வந்தது 1902-இல். நடுவே 27 ஆண்டுகள்! சட்டை போட்ட அந்த முயல் உடம்பளவில் அசல் முயலாகவே இருப்பது எப்படி என்று யோசிக்கிறவர்கள் அந்தக் கம்பளிப்பூச்சிகளிடம் போக வேண்டும்.

பொறுக்கி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு லியோனார்டோ டா வின்சியின் தாள்களே சாட்சி. பொம்பியோ லியோனி என்ற சிற்பி 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றை அக்கறையாகத்தான் திரட்டினார். ஆனால் இயந்திரப் படங்கள் ஒரு பக்கம், உருவப் படங்கள் இன்னொரு பக்கம் என்று பிரிப்பதற்காகச் சில தாள்களைக் கத்தரித்துவிட்டார். மிலனின் அம்புரோசியானா நூலகத்திலுள்ள 1119 தாள் தொகுப்பில் இன்றும் அந்த ஓட்டைகள் இருக்கின்றன. வெட்டிய துண்டுகளில் சில இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் கிடக்கின்றன. இயந்திரத்தை யோசித்துக்கொண்டிருந்த மனிதர் அதே தாளில் ஏன் ஒரு முகத்துக்குத் தாவினார்? நமக்கு வேண்டிய பாடம் அந்தத் தாவலில்தான் இருந்தது.

குடும்பத்தாரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. அப்பாவின் மோசமான கோடுகளை ஊருக்குக் காட்ட யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் ஆங்கில ஓவியர் டர்னரின் சுமார் 300 ஸ்கெட்ச் நோட்டுகள் 1856-இல் பிரிட்டிஷ் மக்களுக்குச் சொந்தமாயின. இன்று டேட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அவற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். அவசரக் கிறுக்கல்கள் அதில் ஏராளம். அதனால் டர்னரின் பெயர் கொஞ்சமும் குறையவில்லை.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஸ்கேன் செய்யும்போது தாளை வெளுத்துச் சுத்தம் செய்யாதீர்கள். மறுபக்கத்து மை தெரிந்தால் தெரியட்டும், ஓரத்தில் எழுதிய கணக்கும் இருக்கட்டும். வெற்றுப் பக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். புத்தகம் போட இப்போது வசதி இல்லையா? சரி, பரவாயில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவோ விற்கவோ தையலைப் பிரிக்கும் முன், ஒவ்வொரு பக்கத்தையும் வரிசையாகப் படம் பிடித்து எண் போட்டு வையுங்கள். தையல் பிரிந்துவிட்டால் அந்த வரிசையை உங்களாலும் மீட்க முடியாது.

அன்புடன்,
படம் வரையும் ஒருவன்