உடலை எடுத்த பிறகு அறையை யார் கழுவுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பெரியவர் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்தார். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்ந்தவர், தனிக்கட்டை. போன சித்திரையில் நாங்கள் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் இறந்துபோனார். திரும்பி வந்து கதவைத் தட்டும்போது நாலு நாள் ஆகியிருந்தது. சேலத்து வெயிலில் நாலு நாள் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு, பிரேதப் பரிசோதனைக்கு உடலை எடுத்துப் போனார்கள். மறுநாள், இனி அறையைச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்றார்கள். சரி, யார் செய்வது? சோபா கழுவ, தண்ணீர்த் தொட்டி கழுவ என்று விளம்பரம் ஒட்டுகிற இரண்டு மூன்று பேருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் வைத்துவிட்டார், இன்னொருவர் "அதுக்கு வேற ஆள் பாருங்க சார்" என்றார். அந்த வேற ஆள் யார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சாதிப் பெயரை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வந்தவர்கள் ஒரு மாமனும் மருமகனும். 3,000 ரூபாய், தனியாகக் குவார்ட்டருக்குக் காசு. குடிக்காமல் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது என்று மாமன் சொன்னதை என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. கையுறை கிடையாது, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான். பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தார்கள், கறை போகவில்லை என்று அதன் மேலேயே கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றினார்கள். இரண்டே நிமிஷம், மருமகன் இருமிக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி படியிறங்கி ஓடி வந்தான். ஆசிட் வாங்கிக் கொடுத்தது நான்தான்.

நர்ஸாக இருக்கும் என் அண்ணன் மகள் அன்று ராத்திரி போனில் திட்டினாள். பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஆளே போயிருப்பான் சித்தப்பா என்றாள். ரத்தக் கறையில் சுடுதண்ணீர் ஊற்றினால் இறுகிப்போகுமாம். முதலில் எல்லாவற்றையும் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம்தான் மருந்து, அழுக்கின் மேலேயே கொட்டினால் பிளீச்சிங்கின் வீரியம் போய்விடும், கரைசலை ஊற்றிய பிறகும் பத்து நிமிஷமாவது விட்டு வைக்க வேண்டும். காய்ந்த ரத்தத்தில்கூட, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி ஏழு நாள் இருக்கும் என்றாள். அதற்குத் தடுப்பூசி உண்டு, மூன்று டோஸ். அந்த இரண்டு பேரும் போட்டிருந்தார்களா என்று நான் கேட்கவே இல்லை.

மெத்தையை எங்கே போடப் போகிறார்கள் என்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் திருமணிமுத்தாற்று ஓரம் கிடந்தது, அந்த நீலக் கோடு போட்ட உறை எனக்குத் தெரியாதா. ஆஸ்பத்திரியில் ரத்தம் பட்ட பஞ்சு என்றால் மஞ்சள் பையில் போட வேண்டும், 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2016ஆம் வருஷ மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. இங்கே ஒரு முழு மெத்தை!

ஜப்பானில் தனியாக இறந்தவர்களின் வீட்டைச் சுத்தம் செய்யவே கம்பெனிகள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் இந்த வேலைக்கு அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ரத்தத்தோடு புழங்கும் தொழிலாளிக்கு முதலாளியே இலவசமாகத் தடுப்பூசி தர வேண்டும் என்பது அமெரிக்காவில் 1991இலிருந்து விதி. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஏற்காடு மலைப்பாதையில் விபத்து நடந்தால் ரோட்டைத் தண்ணீர் அடித்தாவது கழுவுகிறார்கள், வீட்டுக்குள் நடந்தால்தான் அவரவர் பாடு.

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு குழு போதும். பயிற்சி, தடுப்பூசி, முழு உடை, கழிவை முறைப்படி எரிக்க ஏற்பாடு, இதெல்லாம் இருக்கட்டும். கட்டணம் வாங்கட்டும், 10,000 கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருப்பேன், இல்லாதவர்களுக்கு இலவசமாகச் செய்யட்டும். போலீஸ் அறையை ஒப்படைக்கும்போதே அந்தப் போன் நம்பரையும் கொடுத்துவிடலாம். ஆனால் இருக்கிற தூய்மைப் பணியாளர்களையே பிடித்து இதிலும் தள்ளிவிட்டால் பழைய கதைதான். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கிற மாதிரி, நல்ல சம்பளத்தோடு இருக்க வேண்டும்.

போன வாரம் அந்த மருமகனை டீக்கடையில் பார்த்தேன். தடுப்பூசியைப் பற்றிச் சொன்னேன். "எதுக்குங்க சார், அதெல்லாம் ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்களுக்குத்தானே" என்றான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அம்மாப்பேட்டை, சேலம்.